மண் சாலைக்குக் கிலோமீட்டர் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் அங்குள்ள ஊட்னடாட்டா தடம் என்ற மண் சாலை 620 கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு மறுமுனைக்குப் போய்விடலாம் என்ற வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அடிலெய்டு, மெல்பர்ன் என்று அனுப்பியிருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. பெற்றவர்கள் போனால், பிள்ளைகள் லீவு போட்டு எங்காவது அழைத்துப் போகிறார்கள். அவர்களில் யாரும் இந்த வரியை நம்பி வண்டியை எடுத்துவிடக் கூடாது.

நான் 31 வருடம் பஸ் ஓட்டியவன். அதில் 11 வருடம் தஞ்சாவூர் – கும்பகோணம். 40 கிலோமீட்டர்தான். காகிதத்தில் போட்டால் முக்கால் மணி நேரம். அய்யம்பேட்டை கடைத்தெரு, பாபநாசத்தில் ஏறி இறங்கும் கூட்டம், அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் காயும் நெல் எல்லாம் சேர்ந்தால் ஒன்றேகால் மணி ஆகும். இது டைம் கீப்பருக்கும் தெரியும், தினமும் வரும் பயணிக்கும் தெரியும். ரன்னிங் டைம் என்பது அந்த ரோட்டில் ஓடிப் பார்த்து எடுக்கிற நேரம். வகுத்துப் பார்த்து எடுப்பது அல்ல.

போன ஜூலையில் மகன் எங்களை அங்கே அழைத்துப் போனான். அவன், மருமகள், என் மனைவி, நான். தடம் தெற்கே மரீ என்ற ஊரில் தொடங்கி, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா வழியாக மார்லாவில் தார் ரோட்டைத் தொடுகிறது. ஊட்னடாட்டா வரை 1980-இல் மூடிய பழைய கான் ரயில் பாதையின் மிச்சம் கூடவே வரும். மரீயிலிருந்து ஊட்னடாட்டா ஏறக்குறைய 400 கிலோமீட்டர். "80-இல் போனால் அஞ்சு மணி நேரம்பா" என்றான் மகன். கைபேசியும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. எனக்கு ஊர் புதுசு, வாயை மூடிக்கொண்டேன். அன்று காலையே சொல்லியிருக்க வேண்டும்.

எட்டரைக்குக் கிளம்பினோம். முதல் 40 கிலோமீட்டர் நம் கிராவல் ரோட்டைவிட நன்றாகவே இருந்தது. அப்புறம் வரி வரியான மண் வந்தது. கோடையில் கொள்ளிடத்து மணலில் காற்று வரி போட்டிருக்குமே, அதே மாதிரி, ஆனால் கல்லாக இறுகியது, ரோட்டுக்குக் குறுக்கே, கண்ணுக்கு எட்டிய வரை. சின்ன மேட்டில் சக்கரம் துள்ளி விழுகிற இடத்தில் குழி விழுகிறது, குழி அடுத்த துள்ளலைக் கொடுக்கிறது, ஆயிரம் வண்டி போனதும் ரோடே இப்படி ஆகிவிடுகிறது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் பல் கிட்டிக்கொள்ளும். மனைவியின் மாத்திரை டப்பா மூடி தானாகத் திருகிக் கழன்று, மாத்திரைகள் காலடியில் உருண்டன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வேகமாகப் போனால் குலுங்காது என்று அங்கே பலர் சொல்கிறார்கள். உண்மைதான், 80-ஐத் தாண்டினால் சக்கரம் வரிகளின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், உள்ளே சுகமாக இருக்கும். ஆனால் டயர் பாதி நேரம் அந்தரத்தில் இருக்கிறது. பிரேக் பிடிக்காது, ஸ்டியரிங் கேட்காது. வளைவு வந்தால் வண்டி பக்கவாட்டில் நழுவும். மகனை 50-க்கு இறக்கச் சொன்னேன். டயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்தோம். குறைத்தால் வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும், தார் ரோடு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கும் நேரம் போகும்.

எதிரே மாடு ஏற்றிய ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் லாரி, ஒன்று வந்தது. 53 மீட்டர் நீளம் வரை அனுமதி உள்ள வண்டிகள் அவை. அது கடந்து போனதும் புழுதியில் எங்கள் வண்டியின் பானட்டே தெரியவில்லை. ஓரம் கட்டி, விளக்கைப் போட்டுவிட்டுப் புழுதி அடங்கும் வரை இருந்தோம். அப்புறம் பின்பக்க இடது டயர் பஞ்சர். மண் பொலபொலவென்று இருந்ததால் ஜாக்கி உள்ளே இறங்கியது. என் பஸ்ஸில் எப்போதும் ஒரு கட்டை கிடக்கும். அங்கே எதுவும் இல்லை. மருமகள் சமையல் பெட்டியிலிருந்து காய் நறுக்கும் பலகையை எடுத்துக் கொடுத்தாள். அதை ஜாக்கிக்குக் கீழே வைத்து ஒருவழியாக ஸ்டெப்னியை மாட்ட 50 நிமிடம் ஆனது. நடுவில் ஐர் ஏரியின் தென்பகுதியைப் பார்க்க இறங்கினோம், வெள்ளை வெளேரென்று உப்பு. அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் வருவதா?

வில்லியம் கிரீக் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. 200 கிலோமீட்டருக்கு ஆறரை மணி நேரம். ஜூலை அங்கே குளிர்காலம், ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். மீதி 200-ஐயும் போய்விடலாம் என்றான் மகன். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தி நேரத்தில் கங்காரு எந்தப் பக்கத்திலிருந்து பாயும் என்று தெரியாது, வேலி இல்லாத பண்ணை மாடு நடு ரோட்டில் படுத்திருக்கும், பெரும்பாலான இடத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஸ்டெப்னியும் தீர்ந்துவிட்டது. அங்கேயே டயரைச் சரி பார்த்துக்கொண்டு தங்கினோம்.

இரவு மழை பெய்தது. பெரிய மழை என்று சொல்ல மாட்டேன், ஐப்பசியில் நமக்குப் பெய்வதில் கால்வாசிகூட இல்லை. காலையில் ரோடு மூடப்பட்டுவிட்டது. காலை வைத்துப் பார்த்தேன், செருப்போடு ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வந்தது, நம் நாற்றங்கால் சேறு போல. அதில் வண்டி போனால் பள்ளம் விழுந்து, காய்ந்ததும் மாதக்கணக்கில் அப்படியே இறுகிக் கிடக்கும். அதனால்தான் மூடிய ரோட்டில் போனால் அபராதம் போடுகிறார்கள். அங்கிருந்து கூபர் பீடி என்ற ஊருக்குப் பிரியும் ரோடும் மண் ரோடுதான், அந்த வழியாகவும் வெளியேற முடியவில்லை. ஒன்றரை நாள் காத்திருந்தோம். மகன் ஒரு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மனைவிக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை மட்டும் கணக்காக எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். பத்து நாளைக்கு அதிகமாகவே அவள் எடுத்து வைத்திருந்தாள்.

இது எங்கள் அதிர்ஷ்டம். 1963 டிசம்பரில், அதே மரீயிலிருந்து வடக்கே போகும் பேர்ட்ஸ்வில் தடத்துப் பக்கம், வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து, ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பமே வெயிலில் இறந்திருக்கிறது. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரியில் வெயில் 50.7 டிகிரி செல்சியஸ் தொட்டிருக்கிறது. கோடையில் போகவே வேண்டாம் என்பது என் எண்ணம். எந்த மாதம் போனாலும், வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக் கூடாது. தேடி வருகிறவர்கள் கண்ணுக்கு வண்டிதான் முதலில் படும்.

சரி, ரன்னிங் டைம் எப்படிப் போடுவது? நான் இப்படிப் போடுவேன். குளிர்காலப் பகல் பத்தேகால் மணி நேரம். விடிந்த பிறகு ஒரு மணி, இருட்டுவதற்கு முன் ஒரு மணி, இரண்டையும் கழித்துவிட வேண்டும். மிச்சத்தில் சாப்பாடு, பெட்ரோல், வயசானவர்கள் இறங்கி ஏறுவது, ஒரு பஞ்சர் என்று மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஓட்ட ஐந்து மணி நேரம் இருக்கும். மண்ணில் மணிக்கு 50 என்றால், ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர், அதற்கு மேல் இல்லை. மொத்தப் பயணத்திலும் மழைக்கென்று இரண்டு நாள் சும்மா விட வேண்டும். கிளம்பும் அன்று ரோடு திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு எங்கே சேருவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒதுக்கிய நேரம் மிஞ்சினால் சாயந்திரம் உட்கார்ந்து டீ குடிக்கலாமே.

அடுத்த வாரமே அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கள். 620 கிலோமீட்டர் என்று போடும் இடத்தில் மூன்று பகல், மழைக்கு இரண்டு நாள் என்றும் சேர்த்துப் போடுங்கள். என் மகன் வரும் ஜூனில் மறுபடி போகலாம் என்கிறான், விட்டுப்போன ஊட்னடாட்டாவைப் பார்க்க. இந்த முறை டிரிப் ஷீட்டை எனக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறான். வண்டியில் போடுவதற்குத் தச்சுப் பட்டறையில் ஒரு பூவரசங்கட்டை அறுத்து வைத்திருக்கிறேன். விமானத்தில் மரம் கொண்டுவர விடமாட்டார்கள், அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்