சிப்பாய் பென்ஷனில் கை வைப்பதா சிக்கனம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சண்டை இல்லாத காலத்தில் ராணுவச் செலவைக் குறைத்தால் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டலாம் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் எதைக் குறைப்பது என்று அவர் சொல்லவே இல்லை, மொத்த விஷயமும் அதில்தானே இருக்கிறது?

எங்கள் ஊர் மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டிக்குப் பக்கம். மானாவாரி பூமி. மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் திருப்பூர் பஸ். இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஒன்றிரண்டு இருக்கும். என் சித்தப்பா 17 வருஷம் சிப்பாயாக இருந்துவிட்டு வந்தவர். வரும்போது மொத்தமாகக் கிடைத்த பணத்தில் கிணற்றை ஆழப்படுத்தினார், மோட்டார் வைத்தார், அப்புறம் ஒரு வங்கியில் செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டே இரண்டு பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தார். அவர் தவறி ஒன்பது வருஷம் ஆகிறது, சித்திக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. பணம் ஏறியதும் சித்தி முதலில் போவது மளிகைக் கடைக்குத்தான். கடைக்காரர் கடன் நோட்டை எடுத்து அந்த மாதத்துப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போடுவார். மழை பொய்த்த வருஷங்களில் மற்றவர்களுக்குக் கடன் கொடுக்க முடிந்ததே இப்படி நாலைந்து பென்ஷன் வீடுகள் தவறாமல் பணம் கட்டியதால்தான் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் பென்ஷன் மட்டும் 1.60 லட்சம் கோடி, கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. சிக்கனம் பேசுகிறவர்கள் கண் முதலில் இதில்தான் போய் விழுகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகத்திலேயே அதிகமாக ஆயுதம் இறக்குமதி செய்யும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. வெளிநாட்டு விமானம் ஒன்றைக் குறைத்தால் வேலை குறைவது பெரும்பாலும் அந்த நாட்டுத் தொழிற்சாலையில். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலோ அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ ஆர்டரைக் குறைத்தால் அங்கே வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு அடி. சிப்பாயைக் குறைத்தால் அடி விழுவது எங்கள் மளிகைக் கடைக்கு. மூன்றும் கணக்கில் ஒரே மாதிரி 'மிச்சம்' என்றுதான் எழுதப்படும்.

குறைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. கொரோனாவைக் காரணம் காட்டி 2020-21, 2021-22 இரண்டு ஆண்டுகள் ராணுவத்துக்கு ஆள் எடுக்கவே இல்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் விடிகாலை ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரையில் ஓடுவான். அவன் தம்பி கையில் செல்போனை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பான், 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று. இரண்டு வருஷம் அப்படி ஓடினான். 2022-ல் நான்கு ஆண்டுக்கு மட்டும் ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டம் வந்தபோது அந்த ஒரு முறை மட்டும் வயது வரம்பை 23 ஆக்கினார்கள், இவன் சில மாத வித்தியாசத்தில் தாண்டிவிட்டான். இப்போது திருமங்கலத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான்.

சரி, சேர்ந்தவர்கள் கதை என்ன? நான்கு ஆண்டு வேலை, அதன்பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும், அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்தது. பென்ஷன் கிடையாது, மிலிட்டரி கேண்டீன் கிடையாது, முன்னாள் ராணுவத்தினர் என்ற பெயர்கூடக் கிடையாது. துணை ராணுவத்தில் இடஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள், நல்லது, ஆனால் எல்லோருக்கும் அது கிடைத்துவிடாது.

இதையே அமெரிக்கா எப்படிச் செய்தது என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல் சுமார் 1.2 கோடிப் பேர் அவர்கள் படைகளில் இருந்தார்கள், இரண்டே ஆண்டில் அது சுமார் 15 லட்சமாகிவிட்டது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தால் வேலைக்கு எங்கே போவது என்று அங்கேயும் பயந்தார்கள். ஆனால் போர் முடியும் முன்பே, 1944-லேயே சட்டம் போட்டு, திரும்பி வருகிறவர்களுக்குப் படிப்புச் செலவு, வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் வழி செய்து வைத்திருந்தார்கள். படிப்பு, தொழிற்பயிற்சி உதவியை மட்டும் சுமார் 78 லட்சம் பேர் பயன்படுத்திக்கொண்டார்கள். பயந்த மாதிரி வேலையில்லாத் திண்டாட்டம் வரவில்லை. பக்கத்தில் இலங்கையில் போர் 2009-லேயே முடிந்துவிட்டது, படையைப் பெரிதாகவே வைத்திருந்தார்கள். கஜானா காலியான பிறகு 2023 ஜனவரியில்தான், இரண்டு லட்சம் பேர் கொண்ட ராணுவத்தை 2030-க்குள் ஒரு லட்சமாக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். வருகிறவனுக்குக் கொடுக்க அரசிடமும் அப்போது காசு இல்லை.

குறைத்த பணம் தானாக ஆஸ்பத்திரியாகிவிடும் என்று அந்த வாசகர் நினைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மேலே சொன்ன 6.81 லட்சம் கோடியை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,866 கோடி வருகிறது. மதுரை தோப்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் திருத்திய மதிப்பீடு 1,977 கோடி, ஒரு நாள் செலவைவிடக் கொஞ்சம்தான் கூட. அதற்கு நாம் ஜப்பானிடம் கடன் வாங்கினோம். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், கட்டடப் பணி தொடங்கியதே 2024-ல். மிச்சமாகும் பணம் இன்ன வேலைக்கு, இன்ன ஊருக்கு என்று முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் அது எங்கே போயிற்று என்று நாம் கேட்கவே முடியாது.

அக்னிபாத்தில் சேர்ந்த அக்னிவீரர்களின் முதல் அணிக்கு 2026 கடைசி, 2027 தொடக்கத்தில் நான்கு ஆண்டு முடிகிறது. எங்கள் தாலுகாவிலிருந்து போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். இருபதுகளிலேயே ஊர் திரும்புகிறவர்களுக்கு ஐடிஐ, பாலிடெக்னிக்கில் கட்டணமில்லாத இடமும் தொழில் தொடங்கக் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். அவர்களை முன்னாள் ராணுவத்தினர் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். மதுரை, விருதுநகர், தேனி எம்.பி.க்கள் மூவரும் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டி.கல்லுப்பட்டி வாசகர்