இணைய வகுப்பு: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

இணைய வகுப்பில் பிள்ளைக்கு உங்கள் உதவி அதிகம் தேவைப்படுவது வகுப்புக்கு முன்னும் பின்னும்தான். வகுப்பு நடக்கும்போது சற்றுத் தள்ளியே இருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டதும் பெற்றோர் சிலர் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் விடை எடுத்துக்கொடுக்கிறார்கள். அக்கறையில் செய்வதுதான். ஆனால் வகுத்தல் கணக்கில் பிள்ளை எந்தப் படியில் தடுமாறுகிறது என்பது ஆசிரியருக்குத் தெரியாமலே பாடம் அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது. தவறான விடையும், "தெரியலை மிஸ்" என்ற பதிலும் எங்களுக்கு வேண்டும். பதில் வரத் தாமதமானால், பிள்ளை யோசிக்கட்டும், விட்டுவிடுங்கள்.

போனை வகுப்புக்கு முன்பே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். சார்ஜில் போட்டபடியே வீடியோ ஓடினால் போன் சூடாகும். சூடு ஏறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், படம் அப்படியே நின்றுவிடும். பல நேரம் இதைத்தான் நெட் கோளாறு என்று நினைத்துவிடுகிறோம். நெட்டே மெதுவாக இருந்தால், முதலில் பிள்ளையின் கேமராவை அணையுங்கள். குரலுக்கு மிகக் குறைந்த டேட்டா போதும். அந்த நேரத்தில் அதே வைஃபையில் வேறு யாரும் படம் பார்க்க வேண்டாம்.

மடியில் போனை வைத்தால் கழுத்து வலிக்கும். நாலைந்து புத்தகங்களை அடுக்கி, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு முழத் தூரத்தில் சாய்த்து வையுங்கள். ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும், பக்கவாட்டில் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் ஏதாவது ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்பு முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். நோட்டைத் திறந்து, அன்று போட்ட ஒரு கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரியைக் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். அது மதிப்பெண்ணைவிட எங்களுக்கு உதவும்.

வீட்டுப்பாடத்தைப் படம் எடுக்கும்போது நோட்டை மேசையில் விரித்து, பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுங்கள். கை நிழல் விழுந்தால் பென்சில் எழுத்து மறைந்துவிடும். அனுப்புமுன் படத்தைப் பெரிதாக்கி, எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்க எண் தெரிய வேண்டும்.

ஒரே போனில் இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீடு என்றால், எந்த வகுப்புகள் ஒரே நேரத்தில் வருகின்றன என்று வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். தவறிய வகுப்பின் பதிவை அனுப்பிவைப்போம். பதிவைப் பார்க்கும்போது இடையிடையே நிறுத்தி, நோட்டில் எழுதியபடி பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்