வீட்டில் ஒருவர் மட்டும் கோயிலுக்குப் போகும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் பூசைக்கு வருவதில்லை, கணவர் வேறு சபைக்குப் போகிறார், கூட்டாளிகள் கடவுளே இல்லை என்கிறார்கள். நாமும் தளர்ந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறவர்கள் திருகோணமலைக் கத்தோலிக்கப் பங்குகளில் இருக்கிறார்கள். "உறுதியாயிருங்கள்" என்பதோடு நாம் நிறுத்திக்கொள்வதுதான் பிழை.

விலகிப்போனவரின் வாதத்தில் தோற்று விசுவாசத்தை விடுகிறவர் குறைவு. கூடச் செபிக்க ஆளில்லாமல் செபம் நின்றுபோவதே அதிகம். நாலைந்து பேர் மாறிமாறிச் சொன்ன 53 மணிச் செபமாலையை ஒருவரே சொல்லத் தொடங்குவார். சில நாளில் அலுக்கும். ஒருநாள் தவறினால் குற்றவுணர்வு வரும், பிறகு செபமாலை மேசை லாச்சிக்குள் போய்விடும். ஆகவே அளவைக் குறையுங்கள், நேரத்தை மாற்றாதீர்கள். செபமாலையில் பத்து மணிகள் போதும்: ஒரு பரலோக மந்திரம், பத்து அருள் நிறைந்த மந்திரம், ஒரு திரித்துவப் புகழ். ஐந்து நிமிடம்கூட ஆகாது. வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் சொன்னால் பாதியில் நினைவு சந்தைக்குப் போய்விடும். வாசிக்க மாற்கு நற்செய்தி நல்லது. 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. வாரத்தில் ஒரு மாலை அயலில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் போதும்.

1658இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த குருவான யோசேப் வாஸ் அடிகள் ஏழைக் கோலத்தில் வந்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டதும் முகம் மாறியவர்களை வைத்தே நம்மவர் யார் என்று கண்டுகொண்டார். அந்த முப்பது ஆண்டும் விசுவாசம் தங்கியிருந்த இடம் வீடுதான்.

களைப்பை விசுவாசக் குறைவென்று எண்ணிக் கலங்குகிறவர்களும் உண்டு. "நான் ஒருவன்தான் மிஞ்சினேன்" என்ற இறைவாக்கினர் எலியாவுக்குக் கடவுள் முதலில் கொடுத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும். கடவுளுக்கு உண்மையாயிருப்பவர்கள் இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் வந்தது (1 அரசர் 19).

விலகியவருக்கு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பிக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள். சுகம் விசாரியுங்கள், வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். உடன் உழைத்த தேமா தன்னை விட்டுப்போனதை எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே மாற்குவைக் கூட்டிவரச் சொல்கிறார் (2 திமொத்தேயு 4:10, 11). முன்பு பயணத்தின் நடுவில் பவுலை விட்டுத் திரும்பிப்போனவர் அந்த மாற்கு.

மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.