கோல்டு பாஸ் பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சென்னையில் மே மாதம் நீங்கள் நடத்திய மாதிரி ரயில் மாநாடு – கோல்டு பாஸ் கட்டணம் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மாநாட்டில் சொன்ன பயிற்சி வகுப்புகள் நடக்கவில்லை, கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று போனிலும் மெயிலிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு புகார் எண் வருகிறது. பழையது 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்படுகிறது. யார் தீர்த்தார்கள், என்ன தீர்த்தார்கள்?

கோல்டு பாஸில் என்னென்ன அடக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அச்சடித்தவர்களே நீங்கள்தான். எனக்கும் என் அக்கா மகனுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் கட்டினேன். ரயில் டிக்கெட், லாட்ஜ், தாம்பரத்திலிருந்து மாடல் பெட்டியை ஏற்றிப்போக டெம்போ எல்லாம் தனி. நான் பாம்பனில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில்தான் இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தேன். வந்த வேலையெல்லாம் வேறு பட்டறைக்குப் போனது. இந்த வருடச் சம்பாத்தியமே போச்சு.

எதற்காக வந்தேன் தெரியுமா? பழைய பாம்பன் ரயில் பாலத்தில், கப்பல் போக நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும் ஷெர்சர் பகுதியை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, மாடல் செய்திருக்கிறேன். முழுப் பாலத்தையும் அந்த அளவில் செய்தால் 24 மீட்டர் நீளம் வரும், அதற்கு வீட்டில் இடம் ஏது? 1964 புயலில் மற்ற கர்டர்கள் பெரும்பாலும் கடலில் விழுந்தபோதும் நின்ற பகுதி அது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று. பழைய பாலத்தில் ரயில் ஓடுவதை இனி மாடலில்தான் பார்க்க முடியும். 1914-ல் திறந்ததிலிருந்து 2006 வரை அது மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். அதனால் என் மாடலில் அந்த இடைவெளி 12 மி.மீ. இரண்டு பக்கமும் இறங்கி நடுவில் சேரும் இடத்தில் தண்டவாளம் மயிரிழை விலகி நிற்கிறது, இன்ஜின் அங்கேயே தடம் புரள்கிறது. எங்கள் உப்புக் காற்றில் துடைத்த பித்தளைத் தண்டவாளம் மறுநாளே கறுத்து, மின்சாரம் விட்டுவிட்டுப் போகிறது. தினமும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன். நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவைக்கு மாறினால் தாங்குமா என்று அனுபவப்பட்ட ஒருவரிடம் கேட்க வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இணைப்பைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஐயா இவ்வளவு காசு. இராமநாதபுரம் பக்கம் இந்த வேலை தெரிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

உங்கள் மதுரை அலுவலகத்துக்கு வரச் சொன்னீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அசல் பாஸோடு நேரில் போனால் பணம் கிடைக்கும் என்று உங்கள் ஆள்தான் போனில் சொன்னார். விடியுமுன் பஸ் ஏறினேன். மதியம் வரை உட்கார வைத்தார்கள். அப்புறம் மேசையில் இருந்த தம்பி, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாப்பாடு சாப்பிட்டீங்கல்ல சார்? அப்ப அட்டெண்ட் பண்ணதாத்தான் கணக்கு" என்றார். பயிற்சி வகுப்பே நடக்கவில்லையே என்றேன். "அதெல்லாம் யூடியூப்லயே இருக்கு, பாத்துக்கங்க" என்றார். உங்கள் மாநாட்டுக்கு உங்கள் ஊழியரே வைத்திருக்கும் மதிப்பு இதுதானா? யூடியூப் போதும் என்றால் 18,000 எதற்கு வாங்கினீர்கள்? கடைசியில், பணம் தருவது சென்னை அலுவலகம்தான் என்றும் சொன்னார். இதைப் போனிலேயே சொல்வதற்கு என்ன?

வகுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. தூக்குப்பால வகுப்பு, மாடல் இன்ஜினை டிஜிட்டலில் இயக்கும் டி.சி.சி. டிகோடர் வகுப்பு இரண்டும் ரத்து என்பதைக் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். 12 மி.மீ. தண்டவாளத்துக்கு இணைப்பு உண்டு என்று மெயிலில் உறுதி சொன்னீர்கள். மேசையில் இருந்தது 16.5 மி.மீ. மட்டும். "12-ன்னு ஒண்ணு இருக்கா சார்?" என்று உங்கள் ஆளே என்னைக் கேட்கிறார்! எங்கள் மாடலைக் கழிப்பறைப் பக்கம் ஒரு மூலையில், பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் வைத்தார்கள். "மாமா, பெட்டியக் கட்டிடலாமா?" என்று பையன் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் மாநாடுகளில் இந்த வகுப்புகளும், உறுப்பினர் வீட்டில் அமைத்திருக்கும் மாதிரி ரயில் பாதைகளைப் (லேஅவுட்) போய்ப் பார்ப்பதும்தான் முக்கியம். உங்கள் விளம்பரமும் அதைத்தானே சொன்னது?

உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. தமிழ்நாட்டில் இப்படி ஒரு மாநாடு நடத்த முன்வந்ததே பெரிய விஷயம். ஒழுங்காக நடத்தினால் அடுத்த முறையும் வருவேன், நாலு பேரைக் கூட்டியும் வருவேன். தயவுசெய்து பாஸ் கட்டணத்தையும் பயணச் செலவையும் 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அப்போது நீங்கள்தான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். வருமான இழப்பும் மன உளைச்சலும் சேர்த்தே கேட்பேன்.

மதுரை அலுவலகத் தம்பி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ரசீது, உங்கள் மெயில், ரத்து அறிவிப்பின் போட்டோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பணத்தை நான் கட்டிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். வாங்கிக்கொள்ள நேரில் வா என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
கோல்டு பாஸ் வாடிக்கையாளர்,
பாம்பன்