டயாலிசிஸுக்கு மறுநாள் ஈறு சிகிச்சை செய்யலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரகச் செயலிழப்பு பற்றி நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் உப்பு, தண்ணீர், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று எல்லாம் வருகின்றன. வாயைப் பற்றி ஒரு வரி வருவது அபூர்வம். ஈறில் ரத்தம் கசிகிறது என்று கிட்னி நோயாளி ஒருவர் பல் மருத்துவரிடம் போனால், பல இடங்களில் வாய் கொப்பளிக்க ஒரு மருந்தை எழுதிக் கொடுத்து, 'முதலில் கிட்னியைப் பாருங்கள்' என்று அனுப்பிவிடுகிறார்கள். நோயாளியும் இருக்கிற தொல்லையில் பல்லா பெரிது என்று விட்டுவிடுகிறார். இந்தப் பயம் தேவையற்றது. நாள் பார்த்து, மருந்தின் அளவு பார்த்துச் செய்தால், பெரும்பாலான கிட்னி நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சிறுநீரகம் பழுதானவரின் வாய் மற்றவர்களின் வாயைப் போல நடந்துகொள்வதில்லை. ரத்தத்தில் யூரியா ஏறும்போது உமிழ்நீரிலும் ஏறுகிறது. வாயிலுள்ள பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றுகிறது. மூச்சில் வரும் அந்தக் காரமான நெடிக்கும் நாக்கில் நிற்கும் உலோகச் சுவைக்கும் இதில் பங்கு உண்டு. அம்மோனியா உமிழ்நீரின் அமிலத்தன்மையைக் குறைப்பதால் பல்லில் காரை (கெட்டிப்பட்ட அழுக்கு) சீக்கிரம் படிகிறது, முக்கியமாகக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில். தண்ணீர் கட்டுப்பாட்டால் வாய் வேறு காய்ந்துகிடக்கிறது. இதைவிட ஏமாற்றுவது ரத்தசோகை. ஈறு வீங்கியிருந்தால் சிவந்திருக்க வேண்டும். ரத்தசோகை உள்ளவருக்கு அது வெளிறித்தான் இருக்கும். கண்ணாடியில் பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவு கட்டினால் தவறிவிடும்.

அதனால்தான் அளந்து பார்க்க வேண்டும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4, 5 என்றால் ஈறு பல்லை விட்டு விலகத் தொடங்கியிருக்கிறது. 6-க்கு மேல் போனால் அடியில் எலும்பு கணிசமாகக் கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பியை எடுத்த சில நொடிகளில் ஈறின் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்தால், வெளிறிய ஈறானாலும் உள்ளே அழற்சி இருக்கிறது என்று பொருள்.

சிகிச்சையின் அடிப்படை எல்லோருக்கும் ஒன்றுதான்: மேலே உள்ள காரையை எடுப்பது, ஆழமான இடங்களில் மரத்துப்போக ஊசி போட்டு வேர்வரை சுத்தம் செய்வது, சுமார் 3 மாதம் கழித்து மீண்டும் அளப்பது. காரையை எடுத்தால் பல் ஆடும் என்று பலர் நம்புகிறார்கள். எலும்பு முன்பே போய்விட்ட பல்லைக் காரைதான் கட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான்.

கிட்னி நோயாளிக்கு மாறுவது நாளும் மருந்தும். ரத்த டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுக்கிறார்கள். அதன் வீரியம் அடங்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். அன்றைக்கு உடல் களைத்திருக்கும், ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கலாம். மறுநாள் காலையில் ஹெப்பரின் போயிருக்கும். யூரியாவும் உடலில் தேங்கிய நீரும் குறைந்திருக்கும். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்றால் செவ்வாய், வியாழன், சனி காலை நல்ல நேரம். இரண்டு நாள் இடைவெளி முடிந்து அடுத்த டயாலிசிஸுக்குக் காத்திருக்கும் நேரம்தான் மிக மோசமானது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கும் இந்த நாள் கணக்கு கிடையாது. ஆனால் யூரியா கூடினால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் வேலையில் மந்தமாகிவிடும் என்பது எல்லோருக்கும் பொருந்தும். ஒரே அமர்வில் வாய் முழுவதையும் சுத்தம் செய்யாமல், முதலில் ஒரு பகுதியை மட்டும் செய்து ரத்தம் எப்படி நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. கசிந்தால் பஞ்சுத்துணியை மடித்து வைத்து 20, 30 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்ததும் பிய்ந்துவிடும். தேவைப்பட்டால் அந்தத் துணியை ரத்தக் கசிவை நிறுத்தும் 5 சதவீத டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்து வைக்கலாம். இதே மருந்து மாத்திரையாகவோ ஊசியாகவோ போனால் பழுதான கிட்னி அதை வெளியேற்றாமல் உடலிலேயே சேர்த்துவிடும். சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) போட்ட கையில் ரத்த அழுத்தப் பட்டை கட்டக் கூடாது, ஊசி குத்தக் கூடாது. நாற்காலியில் சாயும்போது அந்தக் கை மடங்கி நசுங்காமலும் பார்க்க வேண்டும். நோயாளி உட்கார்ந்த உடனேயே சொல்லிவிட வேண்டிய முதல் விஷயம் இதுதான். மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசிக்குப் பயப்பட வேண்டாம், அதைச் சிதைப்பது ஈரல்.

அதிகம் தவறு நடப்பது சிகிச்சை முடிந்து மருந்துச் சீட்டு எழுதும்போது. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. கிட்னி நோயாளிகளில் பலர் ஏற்கெனவே ராமிபிரில், டெல்மிசார்டான் வகை ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள். மூன்றும் சேர்ந்தால், எஞ்சியிருக்கும் கிட்னிச் செயல்பாடும் சில நாட்களில் சரியலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும்: 500 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், தேவைப்பட்டால் மட்டும்.

ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். காரை எடுப்பதற்கெல்லாம் அது தேவையில்லை. சீழ், முகவீக்கம், காய்ச்சல் இருந்தால்தான் கேள்வி. அப்போதும், வழக்கமாக 8 மணி நேரத்துக்கு ஒருமுறை தரும் 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலினை, சிறுநீரக வடிகட்டும் அளவு (ஜிஎஃப்ஆர்) 10 முதல் 30-க்குள் இருந்தால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 10-க்கும் கீழே என்றால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று குறைக்க வேண்டும். டயாலிசிஸ் அந்த மருந்தைக் கழுவிவிடும் என்பதால் அந்த நாட்களில் டயாலிசிஸ் முடிந்ததும் கொடுக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், எதிர்ப்புச் சக்தியை அடக்க அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் அளவு ரத்தத்தில் எகிறி, அந்தக் கிட்னியையே பாதிக்கும். இந்தக் கணக்குகளைப் போட வேண்டியவர் மருத்துவர். நோயாளி செய்ய வேண்டியது, கிரியேட்டினினோடு (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) வடிகட்டும் அளவும் எழுதியிருக்கும் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப்போவதும், மருந்துக்கடையில் தானாக வலி மாத்திரை கேட்டு வாங்காமலிருப்பதும்தான்.

ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறி வளர்கிறது என்றால் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின் காரணமாக இருக்கலாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்குச் சைக்ளோஸ்போரினும் இதைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் வளர்ச்சி கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேறு மாத்திரைக்கு மாற முடியுமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். அழுக்குப் படியும் இடத்தில்தான் இந்த வளர்ச்சி மோசமாகிறது என்பதால் சுத்தம் செய்தாலே பலருக்கு ஓரளவு அடங்கும். அறுத்துச் சரிசெய்தாலும் மருந்து மாறாமல், வாயும் சுத்தமாக இல்லாமல் இருந்தால் திரும்ப வளரும்.

ஆடும் பல் எல்லாம் ஈறு நோயால் ஆடுவதில்லை. பல வருடக் கிட்னி நோயில் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்து தாடை எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்துவிடும். எக்ஸ்ரேயில் பல்வேரைச் சுற்றித் தெரிய வேண்டிய வெள்ளைக் கோடு மங்கிப்போயிருந்தால் அந்த ஹார்மோனைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். அதைக் கவனிக்காமல் எத்தனை முறை ஈறைச் சுத்தம் செய்தாலும் ஆட்டம் நிற்காது.

வீட்டில் செய்ய வேண்டியது: மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பற்பசை, இரவில் கட்டாயம் ஒருமுறை, பல்லிடுக்குக்கு இடைப்பல் பிரஷ். கொப்பளித்துத் துப்பும் நீர் தண்ணீர்க் கணக்கில் சேராது, அதனால் வாய் காயும்போதெல்லாம் கொப்பளிக்கலாம். கிருமியை அடக்கும் 0.2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் என்றால் 10 மில்லி, ஒரு நிமிடம், தினம் இரண்டு முறை, 2 வாரம். அதற்கு மேல் போனால் பல் பழுப்பேறும், சுவை கெடும். பல் துலக்கிய உடனே அதைக் கொப்பளித்தால் பற்பசையின் நுரைப்பொருள் குளோர்ஹெக்ஸிடினின் வேலையைக் கெடுத்துவிடும். அரைமணி விட வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் காய்ந்த வாயை இன்னும் எரிக்கும்.

ஈறு குணமானால் கிரியேட்டினின் இறங்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. உடலில் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும் ஓர் அழற்சி குறையும். சர்க்கரை நோயால் கிட்னி போனவர்களுக்கு இது கூடுதலாக உதவும்: ஈறு சிகிச்சைக்குப் பின் 3, 4 மாதத்தில் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) சராசரியாக 0.4 சதவீதம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். அதன்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் தொடங்கிவிடும், முதல் சில மாதங்களுக்கு அவசரமில்லாத பல் வேலையை ஒத்திவைப்பார்கள். பட்டியலில் பெயர் ஏறும் நாளிலேயே வாயைச் சரிசெய்யத் தொடங்கினால்தான் மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

டயாலிசிஸ் மையங்களுக்கு ஒரு கோரிக்கை. நோயாளியின் கோப்பில் பல் மருத்துவருக்கென்று அரைப்பக்கத் தாள் ஒன்று வையுங்கள். டயாலிசிஸ் நாட்கள், ஹெப்பரின் உண்டா, ஃபிஸ்டுலா எந்தக் கையில், கழுத்தில் குழாய் இருக்கிறதா, வடிகட்டும் அளவு, ஹீமோகுளோபின், இப்போதைய மாத்திரைகள், சிறுநீரக மருத்துவரின் தொலைபேசி எண். இந்த எட்டு விவரமும் கையில் இருந்தால் பல் மருத்துவர் அன்றே வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஈறு நோய் சிகிச்சை மருத்துவர் ஒருவர்