அக்கா மகளும் வீட்டோடு மாப்பிள்ளையும்

ஆசிரியருக்கு,

கலியாணப் பதிவும் இல்லாமல் தாலியும் இல்லாமல் சேர்ந்து வாழும் இளம் சோடிகளைப் பற்றிப் போன வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் அது ஒழுக்கக்கேடுதான் என்கிறார். அந்த 'எந்த ஊரிலும்' என்ற இடத்தில்தான் எனக்கு இடறுகிறது.

தமிழ்நாட்டில் அக்கா மகளைக் கட்டுவது பல சாதிகளில் முறை. தாய்மாமனுக்கு உரிமை என்றே சொல்வார்கள். இங்கே மட்டக்களப்பில், எங்கள் களுவாஞ்சிக்குடியில், மாமன் மகளான மச்சாள் வரைக்கும் சரி. அக்கா மகள் என்று வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள். நம் இலங்கைத் திருமணப் பதிவுச் சட்டத்திலும் அது தடை. உடனே நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய் இருப்பதுதானே மட்டக்களப்பு வழக்கம்? தமிழ்நாட்டில் அப்படி இருப்பவன் 'வீட்டோடு மாப்பிள்ளை'. அந்தப் பெயரே ஓர் ஏச்சு.

அவ்வளவு தூரம் போவானேன். முக்குவர் சட்டம் என்ற மட்டக்களப்பின் பழைய வழக்கச் சட்டம் நடந்த காலத்தில் இதே மண்ணில் ஒருவருடைய முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, அவர் சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போனது. 1876இல் வந்த சட்டத்தோடு அது முடிந்தது. இன்றைக்கு ஒருவர் பெற்ற மகனை விட்டுவிட்டுச் சகோதரியின் மகனுக்குக் காணி எழுதினால் ஊர் என்ன கதைக்கும்?

முகம் சுளிப்பதையெல்லாம் பாவக் கணக்கில் எழுத முடியாது. யாருக்கு என்ன கேடு என்றுதான் பார்க்க வேண்டும். தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறவன் நாளைக்கு விட்டுவிட்டுப் போனால் அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் என்ன வழி என்று வாசகர் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கேட்டிருப்பேன். என்ன, தாலி கட்டியவனும் போகத்தான் செய்கிறான். படிப்பித்த காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

கேடு என்றால் என் பக்கத்து வளவைச் சொல்வேன். மகளுக்குச் சீதனமாகக் கல்வீடு கட்ட வேண்டும் என்று தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம். பிள்ளை அம்மம்மாவோடு வளர்கிறது. இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறது. இதை ஒழுக்கக்கேடு என்று எவரும் பேப்பருக்கு எழுதவில்லை, நான் உட்பட. வெள்ளிக்கிழமைகளில் தாய் வாட்சப்பில் வருவாள். பிள்ளை போனைத் திருப்பிச் சுவரைக் காட்டும், போன மாதத்துக்கு இந்த மாதம் எத்தனை வரிசைக் கல் ஏறியிருக்கிறது என்று.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.