நோட்டில் போட்ட டிக்குகளும் முழங்காலில் கட்டும் பட்டையும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வாடிக்கையாளர்" என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. "நோயாளிகளே" என்று தொடங்கினால் படிக்கும்போதே உங்களுக்கு வலிக்கும் என்பதால் இப்படி எழுதுகிறோம்.

எங்களிடம் பிசியோதெரபிக்கு வரும் எல்லோருக்கும் முதல் நாளே ஒரு நோட்டுத் தருவது வழக்கம். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் இடது பக்கத்தில் இருக்கும், தேதிகள் மேலே இருக்கும். செய்து முடித்ததும் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். இப்படிப் பல ஆண்டுகளாக நோட்டுகளைப் பார்த்து வருகிறோம். இரண்டு வாரத்து டிக்குகளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் விழுந்திருந்தால், அவை எங்கள் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து போட்டவை என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். இரண்டு தரப்பும் சிரித்துக்கொண்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவோம்.

இதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நஷ்டம் உங்கள் மூட்டுக்கு. செய்யாத பயிற்சியைச் செய்ததாக நோட்டுச் சொல்கிறது, முழங்காலோ மடங்கவில்லை. அப்படியானால் பயிற்சி போதவில்லை என்று முடிவு செய்து நாங்கள் அளவைக் கூட்டுவோம். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். சொன்னதைப் போல இரண்டு மடங்கு செய்துவிட்டு, சொன்ன அளவே செய்ததாக எழுதியிருப்பார் ஒருவர். மூட்டில் நீர் கோத்திருப்பதைப் பார்த்துவிட்டு வேறு என்ன கோளாறோ என்று நாங்கள் தேடிக்கொண்டிருப்போம். இரண்டிலும் சிகிச்சை தடம் மாறிப் போகிறது.

வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் உங்களைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தின் 168 மணி நேரத்தில் அது ஒன்றரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் உங்கள் காலும் தோளும் முதுகும் எங்கள் கண்ணில் படாமல்தான் இருக்கின்றன. குணமாவதும் ஆகாமல் போவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதனால் வரும் மாதத்திலிருந்து, விருப்பம் உள்ளவர்களுக்கு, வீட்டில் நடக்கும் பயிற்சியை இங்கிருந்தே பார்க்க உதவும் கருவிகளைத் தரப் போகிறோம். அதைப் பற்றி விளக்கத்தான் இந்த மடல்.

பெரும்பாலானவர்களுக்குத் தரப்போவது முழங்கால் பட்டை. முழங்காலுக்கு மேலே தொடையில் ஒரு சென்சார், கீழே கணுக்கால் பக்கமாக இன்னொன்று. போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்குக் காரணமான அதே வகைச் சில்லுதான் இவற்றுக்குள்ளும் இருக்கிறது. தொடை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, கீழ்க்கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தனித்தனியாக அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முழங்கால் மடங்கிய கோணமாகக் காட்டும். எத்தனை முறை மடக்கினீர்கள், எவ்வளவு தூரம் மடங்கியது, எந்த நேரத்தில் செய்தீர்கள் என்பவை ப்ளூடூத் வழியாக உங்கள் போனுக்கும், அங்கிருந்து எங்கள் கணினிக்கும் வரும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. பட்டையைக் கட்டியதும் சில நொடிகள் காலை நேராக வைத்து அசையாமல் இருக்கச் சொல்லும். அந்த நிலையைத்தான் அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களில் பலருக்கு ஆரம்பத்தில் கால் முழுதாக நீளாது. பத்து டிகிரி மடங்கிய காலைப் பட்டை "நேர்" என்று நம்பிவிட்டால், அதற்கு அப்புறம் வரும் எல்லாக் கணக்கும் பத்து டிகிரி பிசகும். அதனால் முதல் அளவை நாங்களே இங்கே கோணமானி வைத்துக் கையால் எடுத்துப் பதிந்து தருவோம். ஒவ்வொரு முறை பயிற்சி தொடங்கும்போதும் அந்தச் சில நொடிகளை அவசரப்படாமல் கொடுங்கள். இந்த வகைச் சென்சாரில் நேரம் ஆக ஆகச் சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும், அதைத் துடைத்துவிட்டுத் தொடங்குவதும் அந்த நொடிகளில்தான்.

எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அனுபவம் உள்ள இரண்டு பிசியோக்கள் ஒரே காலை அளந்தாலே ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வருவது சகஜம். நேற்று 94, இன்று 91 என்று வந்தால் கால் பின்வாங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வாரத்துக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். நீங்களும் அதையே பாருங்கள்.

தோள்பட்டை, முதுகுப் பிரச்சினைக்காக வருபவர்களுக்குப் பட்டை கிடையாது. போன் கேமரா முன் நின்று செய்தால், செயலி உங்கள் மூட்டுகளை அடையாளம் கண்டு கை எவ்வளவு உயர்ந்தது என்று கணக்கிடும். தொளதொளவென்ற உடையும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சமும் இருந்தால் அது திணறிப்போகும். நுரையீரல் பிரச்சினைக்காகப் பயிற்சி செய்பவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தருவோம். நகப்பூச்சோடும் சில்லிட்ட விரலோடும் அதை மாட்டினால் எண் தப்பாக வரலாம். கருமையான தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் வாய்ப்பும் உண்டு. அதனால் எண் நன்றாக இருக்கிறதே என்று மூச்சு வாங்குவதைப் பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள். நிறுத்தி உட்கார்ந்துவிடுங்கள்.

உங்களிடம் தருவதற்கு முன்னால் மூன்று மாதம் இவற்றை எங்கள் மேலேயே கட்டிப் பார்த்தோம். அப்புறம் சம்மதித்த சிலருக்குக் கொடுத்தோம். முதல் நாளே எங்களில் ஒருவர் சென்சாரைத் தலைகீழாக மாட்டிவிட்டு, தன் முழங்கால் பின்பக்கமாக மடங்குவதாக வந்த ரிப்போர்ட்டைக் காட்டிச் சிரிக்க வைத்தார். இன்னொன்று சிரிக்கிற மாதிரி இல்லை. வாக்கர் பிடித்து நடக்கும் ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டில் கட்டும், அடி எண்ணும் வாட்ச் கொடுத்திருந்தோம். நாள் முழுவதும் நடந்தும் மிகக் குறைந்த அடிகளையே அது காட்டியது. அதைப் பார்த்த மகள், அம்மா சோம்பலாகப் படுத்துக் கிடக்கிறார் என்று போனிலேயே சத்தம் போட்டிருக்கிறார். உண்மையில் அந்த அம்மா சொன்னதைவிட அதிகமாகவே நடந்திருந்தார். கை வீசி நடந்தால்தான் மணிக்கட்டு வாட்ச் ஒழுங்காக எண்ணும். வாக்கரை இறுகப் பிடித்த கை எங்கே வீசும்? மெதுவாக நடப்பவர்களின் அடிகளையும் அது அடிக்கடி விட்டுவிடும். இது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது வாக்கர், ஊன்றுகோல் வைத்திருப்பவர்களுக்குக் கணுக்காலில்தான் கட்டுகிறோம்.

சரி, இவ்வளவு தொல்லைக்கு என்ன பலன்? அந்த மூன்று மாதத்தில் எங்கள் கண்ணைத் திறந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது வாரம். இரவில் வலி, கால் மடங்குவது 85 டிகிரியிலேயே நின்றுவிட்டது. நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழுந்திருக்கவே 90-ஐத் தாண்ட வேண்டும். நோட்டில் தினம் மூன்று வேளைப் பயிற்சி என்று இருந்தது. பட்டையின் கணக்கோ வேறு மாதிரி இருந்தது. திங்கள் முதல் வியாழன் வரை ஒன்றுமே இல்லை. வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை, விட்டதையெல்லாம் பிடிக்கிற மாதிரி நூற்றுக்கணக்கான முறை. கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வார நாட்களில் வீட்டில் துணைக்கு யாரும் இல்லை, தனியாகச் செய்யப் பயம். பிள்ளைகள் வரும் வார இறுதியில் மொத்தமாகச் செய்கிறார். ஞாயிறு இரவு முட்டி வீங்கிவிடும், வியாழன்வரை அந்த வீக்கம் வடியக் காத்திருப்பார்.

மூட்டு வீங்கியிருக்கும்போது தொடையின் முன்பக்கத் தசை முழு வலுவோடு இயங்காது. அதை நரம்பு மண்டலமே தடுத்து வைக்கும், நாம் எவ்வளவு முயன்றாலும் சரி. ஆகவே வார இறுதியில் அவர் பட்ட பாடெல்லாம் வீங்கிய முட்டியோடு முட்டி மோதியதுதான். நாங்கள் செய்தது சின்ன மாற்றம். படுத்தபடியே தனியாகச் செய்யக்கூடிய மூன்று பயிற்சிகளை மட்டும் வார நாட்களுக்கு வைத்தோம், வார இறுதி அளவைப் பாதியாகக் குறைத்தோம். நோட்டை மட்டும் நம்பியிருந்தால் அளவைக் கூட்டித்தான் இருப்போம்.

இன்னொரு விஷயமும் பிடிபட்டது. கால் மடங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். நீள்வதைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. கால் முழுதாக நீளாவிட்டால் நடையில் நொண்டல் தங்கிவிடும். மடங்கும் கோடு நன்றாக ஏறி, நீளும் கோடு மட்டும் அசையாமல் இருந்தவர்களிடம் "படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறீர்களா" என்று கேட்டோம். வைத்திருந்தார்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் இரவு முழுவதும் கால் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கருவி வாங்காதவர்களும் இந்த ஒன்றை இன்றே செய்யலாம்.

செயலி தினமும் இரண்டு முறை உங்கள் வலியைக் கேட்கும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. பயிற்சி முடிந்ததும் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை. சிலர் இதைத் தொந்தரவு என்றார்கள். எங்களுக்கு முக்கியம் அந்தக் காலை எண்தான். பயிற்சியின்போது மிதமாக வலித்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. காலையிலும் வலி கூடியே இருந்தால் முந்தைய நாள் சுமை அதிகம், நாங்கள் குறைப்போம். தயவுசெய்து எங்களைச் சந்தோஷப்படுத்த எண்ணைக் குறைத்துப் போடாதீர்கள்.

இது எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூட்டைத் தொட்டுப் பார்த்து அது சுடுகிறதா என்று பட்டையால் சொல்ல முடியாது. இடுப்பை வளைத்து ஏமாற்றிக் காலைத் தூக்கினாலும் அதன் கணக்கில் அது ஒரு முறைதான். நேரில் வருவது அதனால் நிற்காது. நன்றாகப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு வாரம் இரண்டு என்பது ஒன்றாகலாம். எங்கள் வருமானத்துக்கு அது நல்ல செய்தி இல்லை, உங்கள் அலைச்சலுக்கு நல்லது.

அடுத்து மிக முக்கியமானது. உங்கள் பதிவுகளை வேலை நாட்களில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை பார்ப்போம். இரவிலும் விடுமுறையிலும் யாரும் பார்க்க மாட்டார்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், தையல் போட்ட இடத்தில் சீழ் வடிந்து காய்ச்சல் வந்தால், செயலியில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். முதுகுவலிக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமலோ கட்டுப்பாடில்லாமலோ போனாலோ, கால் வலுவிழந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

யார் யார் பார்ப்பார்கள் என்று பலர் கேட்டீர்கள். உங்கள் பிசியோவும், அவர் விடுப்பில் இருந்தால் அவர் இடத்தில் இருப்பவரும். வேறு யாரும் இல்லை. கேமராவில் செய்பவர்களின் வீடியோ போனை விட்டு வெளியே வராது, மூட்டுகளின் இருப்பிடம் எண்களாக மட்டும் வரும். வேலை செய்யும் நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால், நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் தர மாட்டோம். குடும்பத்தாருக்கும் அதே விதிதான். ஒருவர் வந்து, அப்பா ஒழுங்காகச் செய்கிறாரா என்று தனக்குத் தினமும் ரிப்போர்ட் அனுப்பச் சொன்னார். அப்பாவைக் கேட்டோம். "வேண்டவே வேண்டாம்" என்றார். அனுப்பவில்லை. அக்கறைதான், ஆனால் வாக்கர் அம்மாவுக்கு நடந்தது எங்களுக்கு மறக்கவில்லை.

கருவிக்குத் தனிக் கட்டணம் இல்லை. சிகிச்சை முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும். பட்டையை ஈரத் தோலில் கட்டாதீர்கள், ஆறாத தையல் மேல் படவே கூடாது, சிவந்தாலோ அரித்தாலோ கழற்றிவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். இரவில் போனோடு சேர்த்து அதையும் சார்ஜ் போட்டுவிடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு, பதிவைச் சேமித்து வைக்கும் சிறு பெட்டி ஒன்று தருவோம், வரும்போது எடுத்து வந்தால் போதும்.

இது எல்லோருக்கும் தேவையும் இல்லை. கணுக்கால் சுளுக்கிக்கொண்டு இரண்டு மூன்று முறை மட்டும் வந்து போகிறவருக்கு எதற்குப் பட்டை? யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற நினைப்பு பிடிக்காதவர்களும் தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம். சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. விருப்பம் உள்ளவர்கள் அடுத்த முறை வரும்போது கால் மணி நேரம் முன்னதாக வாருங்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திட்டு, பட்டை கட்டப் பழகிக்கொண்டு போகலாம்.

நோட்டே போதும் என்பவர்களுக்கு நோட்டே தருவோம். அதையும் கொஞ்சம் மாற்றி அச்சடித்திருக்கிறோம். டிக் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: "செய்யவில்லை, ஏனென்றால்..." அதில் எழுத வேண்டியதைத் தயங்காமல் எழுதுங்கள். தூக்கம் வந்தது என்று எழுதினாலும் சரிதான்.

அன்புடன்,
உங்கள் பிசியோதெரபி குழுவினர்